பாடநெறி முடிவில் வாங்கும் பின்னூட்டத்தால் பாடம் மேம்படுகிறதா? ஓர் இணையவழிப் பாடநெறியை முன்வைத்து ஒரு மன்ற இழை (பதிவு எண்ணுக்கு அடுத்து எழுதியவரின் புனைபெயர்)

பதிவு 1: பேரேடு

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறேன். கணக்குப்பதிவியலின் அடிப்படைகளைத் தமிழிலேயே கற்றுத்தரும் எட்டு வார இணையவழிப் பாடநெறி ஒன்றை எங்கள் துறை மூடில் என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தில் நடத்திவருகிறது. பகலில் கடைகளிலும் ஆலைகளிலும் வேலை பார்த்துக்கொண்டு இரவில் படிக்கிறவர்களுக்காகத் தொடங்கியது இது. முதல் அணியில் 112 பேர் சேர்ந்தார்கள். எட்டாம் வார முடிவில் பின்னூட்டப் படிவம் கொடுத்தோம். 58 பேர் நிரப்பினார்கள். ஐந்துக்குச் சராசரி 4.6 வந்தது. துறைக் கூட்டத்தில் பாராட்டினார்கள், அந்த எண்ணைக் கோப்பில் சேர்த்தார்கள், அத்துடன் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மூன்றாம் வார வினாடிவினாவை 90 பேர் எழுதியிருக்கிறார்கள்; அதே வாரத்து ஒப்படைப்பை 66 பேர் மட்டுமே அனுப்பியிருக்கிறார்கள். ஒரே வாரத்தில் 24 பேர் எங்கே போனார்கள் என்பதற்கு 4.6 என்ற எண்ணில் விடையில்லை. "வேறு கருத்துகள்" என்ற கட்டத்தில் "மிக நன்று", "பயனுள்ளதாக இருந்தது", "நன்றி" என்பவற்றைத் தவிர எதுவும் இல்லை. இரண்டாம் அணி அடுத்த மாதம் தொடங்குகிறது. எதை மாற்றுவது என்று தெரியாமலேயே அதே பாடத்தை மறுபடியும் ஓட்டப் போகிறேனோ என்ற கவலையில் எழுதுகிறேன். எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும், கேட்டதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையேன்.

பதிவு 2: ஏட்டுச்சுரைக்காய்

உங்கள் பாடநெறியில் நான் படித்ததில்லை, ஆனால் உங்கள் படிவத்தைப் போன்ற பத்துப் படிவங்களையாவது நிரப்பியிருக்கிறேன். ஆகவே நிரப்புகிறவன் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்லலாம்.

சென்ற ஆண்டு ஒரு பாடநெறியை முடித்தேன். சான்றிதழைத் தரவிறக்கும் பொத்தான், பின்னூட்டப் படிவத்தை நிரப்பினால்தான் ஒளிரும் என்று வைத்திருந்தார்கள். இரவு பதினொன்றரை மணி, கையில் கைபேசி, 26 கேள்விகள். முதல் நான்கைப் படித்துப் பார்த்துத்தான் குறித்தேன். ஐந்தாவதிலிருந்து வலது ஓரக் கட்டங்களை மேலிருந்து கீழாக, நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல வரிசையாக அழுத்திக்கொண்டே போனேன். அனுப்பிய பிறகு மேலே நகர்த்திப் பார்த்தபோதுதான், "பாடத்தின் வேகம் என்னால் பின்தொடர முடியாத அளவுக்கு அதிகமாக இருந்தது" என்ற கேள்விக்கும் ஐந்து கொடுத்திருந்தது தெரிந்தது. அதையும் சேர்த்துத்தான் சராசரி எடுத்திருப்பார்கள்.

உங்கள் படிவம் சான்றிதழுக்கு முன்னால் நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள், ஐயா. நிற்கிறதென்றால் அந்த 4.6, சான்றிதழ் வாங்க வந்தவர்களின் அவசரத்துக்குக் கிடைத்த மதிப்பெண்.

பதிவு 3: சல்லடை

மேலே சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எட்டாம் வாரம் வரை நின்றவர்களிடம் மட்டும் கேட்டால், பாடம் யாருக்குப் பிடித்ததோ, அல்லது யாரால் சகித்துக்கொள்ள முடிந்ததோ அவர்களுடைய குரல்தான் கிடைக்கும். பந்தியில் கடைசி வரை உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் சாப்பாடு எப்படி என்று கேட்பதற்கு இது ஒப்பானது. பாதியில் எழுந்து போனவருக்குத்தான் உப்புக் கரித்ததா, இலையே கிடைக்கவில்லையா என்பது தெரியும்.

அதே நேரத்தில், போனவர்கள் அனைவரையும் பாடத்தின் தோல்வியாகக் கணக்கிடுவதும் பிழை. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய திறந்த பாடநெறிகளின் தரவுகளை ஆராய்ந்து ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருயிபெரெஸ்-வாலியன்டேயும் 2019 இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையின்படி, 2017-18 இல் சேர்ந்தவர்களில் 3.13 விழுக்காட்டினரே முடித்தார்கள். ஆனால் பணம் கட்டிச் சான்றிதழ்ப் பாதையில் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்தால் அது 46 விழுக்காடு. சேரும்போதே வெவ்வேறு நோக்கத்தோடு வருகிறார்கள் என்பதுதான் இதன் பொருள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் நம் ஊர் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடநெறிகளிலும் சேர்வது இலவசம், தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். பன்னிரண்டு வாரப் பாடநெறியில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளை மட்டுமே கணக்கில் கொள்கிறார்கள் என்பதால், விவரம் தெரிந்த மாணவர் நான்கை வேண்டுமென்றே விட்டுவிடுவார். அந்த வாரத்துப் பாடம் சரியில்லை என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆகவே முதல் வாரத்திலேயே ஒரே ஒரு கேள்வி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "இந்தப் பாடநெறியிலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?" சான்றிதழ் வேண்டும் என்று சொன்னவர் மூன்றாம் வாரத்தில் காணாமல் போனால்தான் அது செய்தி.

உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் இன்னொரு பின்னூட்டத்தை நீங்கள் திறந்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மூடிலில் ஒவ்வொரு வினாடிவினாவுக்கும் புள்ளிவிவர அறிக்கை உண்டு. ஒரு கேள்விக்கு எத்தனை விழுக்காட்டினர் சரியாக விடையளித்தார்கள் என்பதையும், அந்தக் கேள்வி நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்துக் காட்டுகிறதா என்பதையும் அது சொல்லும். இரண்டாவதைக் கையாலேயே போடலாம்: மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரையும் எடுங்கள். மேல் குழுவில் சரியாக எழுதியவர்களின் எண்ணிக்கையிலிருந்து கீழ்க் குழுவின் எண்ணிக்கையைக் கழித்து, ஒரு குழுவில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். விடை 0.3க்கு மேல் இருந்தால் அந்தக் கேள்வி தன் வேலையைச் செய்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். சுழியத்தை ஒட்டி இருந்தால் பயனில்லை. கழித்தல் குறியோடு வந்தால் உடனே நிறுத்திப் பாருங்கள். அந்தக் கேள்வியிலோ, விடைக் குறிப்பிலோ, பாடத்திலோ ஏதோ ஒன்று தலைகீழாக இருக்கிறது. மூன்றாம் வார வினாடிவினாவுக்கு இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பதிவு 4: கரும்பலகை

முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பெடுத்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சற்று மாறுபடுகிறேன். ஆசிரியருக்கு மாணவர் மதிப்பெண் போடும் வழக்கமே எனக்கு உடன்பாடில்லை. கசக்கும் மருந்தைக் கொடுத்த மருத்துவருக்கு நோயாளி அன்றே மதிப்பெண் போட்டால் எத்தனை வரும்? 1981 இல் பீட்டர் கோஹன், மாணவர்கள் உயர்வாக மதிப்பிட்ட ஆசிரியர்களிடம் மாணவர்கள் அதிகம் கற்றிருக்கிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். பல காலம் அதையே மேற்கோள் காட்டிவந்தார்கள். 2017 இல் பாப் உட்லும் உடன் ஆய்வாளர்களும் அந்தத் தரவுகளையும் பின்னர் வந்தவற்றையும் மீண்டும் கணக்கிட்டு, மதிப்பீட்டுக்கும் கற்றலுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பே இல்லை என்று எழுதினார்கள்.

2019 இல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரே பாடத்தை ஒரு பாதி மாணவர்களுக்குச் சரளமான விரிவுரையாகவும் மறு பாதியினருக்குத் தாங்களே கணக்குப் போட்டுத் தடுமாறும் முறையிலும் நடத்தினார்கள். தடுமாறியவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். ஆனால் "நிறையக் கற்றோம்" என்று சொன்னவர்கள் விரிவுரை கேட்டவர்கள். உங்கள் படிவத்தில் "பாடம் எளிதில் புரிந்ததா" என்ற கேள்வி இருக்கும். அதற்குக் கிடைக்கும் ஐந்து, பாடம் மனத்தில் இறங்கிய அடையாளமா, வழுக்கிக்கொண்டு போன அடையாளமா என்பதை எப்படிப் பிரிப்பீர்கள்?

எங்கள் காலத்தில் பின்னூட்டம் முகத்தில் இருந்தது. இரண்டாம் வரிசையில் ஒருவன் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவைக் கடித்தால், சொன்னதை மறுபடியும் சொல்வோம். இணையவழிப் பாடத்தில் போனது அந்த முகம்தான்; அதன் இடத்தில் என்ன வைப்பது என்றுதான் நீங்கள் யோசிக்க வேண்டும், ஐயா. 26 கேள்விகள் அதற்கு ஈடாகாது.

கோப்பைப் பற்றியும் ஒரு சொல். தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்று அவையின் அளவுகோலில் பின்னூட்டம் பெறுவது மட்டும் இல்லை. அதை ஆராய்ந்து எடுத்த நடவடிக்கையையும் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. பல கல்லூரிகளில் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

பதிவு 5: மாலைநேரப் பயிற்றுநர்

கரும்பலகை ஐயா சொன்னதை ஒரு பயிற்றுநராக ஆமோதிக்கிறேன், வேறொரு காரணத்துக்காக. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓர் இணையவழி வகுப்பில் நடத்திய சோதனையை மெக்னெலும் உடன் ஆய்வாளர்களும் 2015 இல் வெளியிட்டார்கள். பயிற்றுநர் இருவர், ஒருவர் ஆண், ஒருவர் பெண். ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்குத் தம் பெயரிலும் மற்றொரு குழுவுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் நடத்தினார்கள். முகம் தெரியாது, குரல் தெரியாது, எழுத்து மட்டுமே. திருத்திய விடைத்தாள்கள் ஒரே நேரத்தில் திரும்பக் கிடைத்தும், "உரிய நேரத்தில் தருகிறாரா" என்ற கேள்விக்கு ஆண் என்று எண்ணப்பட்டவருக்கு 4.35, பெண் என்று எண்ணப்பட்டவருக்கு 3.55 கிடைத்தது. மாணவர்கள் 43 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் என் அனுபவத்தில் அது எனக்கு வியப்பளிக்கவில்லை. நான் நடத்தும் பாடத்துக்கு வந்த கருத்துகளில் பாதி என் குரலைப் பற்றியவை. கரகரப்பாக இருக்கிறதாம். அதை வைத்து எந்தக் காணொளியைத் திருத்துவது?

ஆகவே ஆளை எடைபோடும் கேள்விகளையும் பாடத்தைத் திருத்த உதவும் கேள்விகளையும் ஒரே படிவத்தில் கலக்காதீர்கள். "ஆசிரியர் சிறப்பாகக் கற்பித்தாரா" என்பதற்கு வரும் விடையைக் கொண்டு நாளைக் காலை எதையும் மாற்ற முடியாது. "எந்தக் காணொளியை இரண்டாவது முறை பார்க்க வேண்டியிருந்தது, ஏன்" என்பதற்கு வரும் விடையைக் கொண்டு மாற்றலாம்.

பதிவு 6: பேரேடு

சல்லடை அவர்கள் சொன்னபடி மூன்றாம் வார வினாடிவினாவைப் பிரித்துப் பார்த்தேன். எழுதியவர்கள் 90 பேர், ஆகவே மேல் குழு 24, கீழ்க் குழு 24. பத்துக் கேள்விகளில் எட்டு ஒழுங்காக இருந்தன, ஒன்று மிக எளிது. ஏழாவது கேள்வியைப் பார்த்துவிட்டு இரண்டு முறை எண்ணினேன். மேல் குழுவில் சரியாக எழுதியவர்கள் 7 பேர். கீழ்க் குழுவில் 13 பேர். கழித்து வகுத்தால் 0.25, கழித்தல் குறியோடு.

கேள்வி இதுதான்: "வங்கியில் ரூ.10,000 ரொக்கம் செலுத்தப்பட்டது. வங்கிக் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுத வேண்டும்?" விடைக் குறிப்பில் "பற்று" (டெபிட்) என்று இருந்தது. வணிகரின் ஏட்டில் வங்கி என்பது அவருடைய சொத்து. சொத்துக்கணக்கில் உள்ளே வருவதைப் பற்று வைக்க வேண்டும். ஆகவே வங்கிக் கணக்கு பற்று, ரொக்கக் கணக்கு வரவு (கிரெடிட்). பாடப்படி இதில் பிழையில்லை. ஆனால் யாருடைய ஏடு என்று கேள்வியில் நான் சொல்லவே இல்லை. பாஸ்புக்கைத் திறந்து பார்த்தவருக்கு, செலுத்திய பணம் வரவுப் பக்கத்தில் நிற்பது தெரியும், ஏனென்றால் அது வங்கியின் ஏடு; வங்கிக்கு நம் வைப்பு ஒரு பொறுப்பு. வணிகரின் ஏட்டையும் வங்கியின் ஏட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும், ஆறாம் வாரத்தில் வரும் வங்கிச் சரிகட்டும் பட்டியலை முன்கூட்டியே படித்துவிட்ட ஆர்வலர்கள் "வரவு" என்று எழுதித் தவறினார்கள் என்பது அவர்களுடைய விடைகளைப் புரட்டியபோது புலப்பட்டது. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் "பற்று" என்று எழுதித் தேறினார்கள். அதிகம் படித்தவரைத் தண்டிக்கும் கேள்வியாக அது ஓர் அணி முழுக்க இருந்திருக்கிறது.

இதற்கடியில் இன்னொரு சிக்கலும் கிடக்கிறது, அது நம் மொழியைச் சார்ந்தது. வீட்டில் "வரவு செலவு" என்கிறோம். வரவு என்றால் உள்ளே வருவது. கணக்குப்பதிவியலிலோ உள்ளே வருவதைப் பற்று என்கிறோம், வெளியே போவதை வரவு வைக்கச் சொல்கிறோம். ஆங்கிலவழி மாணவருக்கு அந்த இரண்டு சொற்களும் புதிய கலைச்சொற்கள், ஆகவே வெற்றுப் பலகையில் எழுதுவது போல அவை பதிந்துவிடும். தமிழ்வழியில் படிக்கிறவர், பிறந்தது முதல் அறிந்த ஒரு சொல்லை அதன் பொருளுக்கு எதிராகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். வகுப்பில் இதை இரண்டு நிமிடம் சிரித்துப் பேசிக் கடந்துவிடுவேன். காணொளியில் அந்த இரண்டு நிமிடம் இல்லை. படப்பிடிப்பின்போது பாடத்துக்குப் புறம்பான பேச்சு என்று நானே வெட்டச் சொன்னதுதான் அது.

படிவம் பற்றியும் ஏட்டுச்சுரைக்காய் ஊகித்தது சரி. எங்கள் படிவமும் சான்றிதழுக்கு முன்னால்தான் நின்றது.

பதிவு 7: வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்களும் மூடிலில்தான் கற்கைநெறிகளை நடத்துகிறோம். இங்கே பின்னூட்டல் என்ற சொல்லே மாணவரை அச்சமூட்டும். விரிவுரையாளரைக் குறைகூறுவதாக எடுத்துக்கொள்வார்கள். என் வகுப்பில் 18 பேர். பெயர் பதியாத வகையில் படிவத்தை அமைத்தாலும், எழுதும் நடையைக் கொண்டு யார் எழுதியது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அநாமதேயம் என்பது இலக்கம் பெரிதாக இருக்கும்போதுதான் உண்மை.

ஆகவே என்னைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டேன். ஹார்வர்டின் புள்ளியியல் பேராசிரியர் ஃபிரெடெரிக் மோஸ்டெல்லர் தம் விரிவுரை முடிவில், இன்று எந்த இடம் மிகக் கலங்கலாக இருந்தது என்று எழுதி வாங்குவாராம். அதையே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்கிறேன், ஒரு வரியில் எழுதினால் போதும் என்கிறேன். "உங்கள் விளக்கம் புரியவில்லை" என்று எழுதத் தயங்குகிறவர்கள் "நான்காம் பக்கத்து இரண்டாவது உதாரணம் கலங்கலாக இருந்தது" என்று தாராளமாக எழுதுகிறார்கள். குற்றம் பக்கத்தின் மேல் போய்விடுகிறது அல்லவா.

திங்கட்கிழமை முதல் அறிவித்தலில் மூன்று விடயம் எழுதுவேன்: நீங்கள் சொன்னது இது, அதில் நான் மாற்றியது இது, மாற்ற முடியாததும் அதன் காரணமும் இவை. மூன்றாவதுதான் முக்கியம் என்று அனுபவத்தில் கண்டேன். ஒப்படைக்கான கடைசித் திகதியைத் தள்ளிவைக்கக் கேட்டார்கள். பரீட்சைக் கிளையின் அட்டவணையால் முடியாது என்று காரணத்தோடு எழுதினேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முதல் தவணையில் இந்த அறிவித்தலை நான் எழுதவில்லை. நான்காவது கிழமை பதில் தந்தவர்கள் மூன்றே பேர். எழுதத் தொடங்கிய தவணையில் கடைசிக் கிழமைவரை பத்துப் பேருக்குக் குறையவில்லை.

நடுவில் ஒருமுறை, மூடிலின் முந்தைய பதிப்புகளில் உடன்வந்த கொலெஸ் என்ற ஆயத்த வினாக்கொத்தையும் பயன்படுத்தலாம். 24 கூற்றுகள், ஆறு பகுதிகள்: பாடத்தின் பொருத்தம், சிந்திக்கத் தூண்டுதல், கலந்துரையாடல், ஆசிரியர் ஆதரவு, சக மாணவர் ஆதரவு, ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளுதல். இருப்பது எப்படி, இருக்க விரும்புவது எப்படி என்று இரண்டையும் கேட்கும் வடிவம் அதில் உண்டு. இரண்டுக்கும் இடையிலான இடைவெளிதான் செய்தி. என் வகுப்பில் ஆசிரியர் ஆதரவில் இடைவெளி அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சக மாணவர் ஆதரவில்தான் இருந்தது. அவர்களுக்கு என்னைவிட ஒருவரையொருவர் தேவைப்பட்டிருக்கிறது. கற்கைநெறிக்கு வெளியே தாங்களாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது.

பதிவு 8: சல்லடை

ஏழாவது கேள்வி பாடப்புத்தகத்தில் போடத்தக்க எடுத்துக்காட்டு. வடமராட்சி அவர்கள் சொன்ன வழியைத்தான் நானும் பரிந்துரைப்பேன்.

காணொளித் தரவைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். "ஆறு நிமிடத்துக்கு மேல் காணொளி எடுக்காதே" என்று எல்லோரும் சொல்வதற்கு வேர், ஃபிலிப் குவோவும் மற்றவர்களும் 2014 இல் வெளியிட்ட எட்எக்ஸ் ஆய்வு. நான்கு பாடநெறிகள், 69 இலட்சம் பார்வை அமர்வுகள். எவ்வளவு நீளமான காணொளியாக இருந்தாலும் இடைநிலைப் (மீடியன்) பார்வை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். அவர்கள் அளந்தது பார்த்துக்கொண்டிருந்த நேரத்தை, கற்றதை அல்ல. இருபது நிமிடப் பாடத்தை மூன்றாக நறுக்கிப் போட்டுவிட்டுப் பாடம் மேம்பட்டது என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஓர் இடத்தில் பலர் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்றால், அது குழப்பமாகவும் இருக்கலாம், குறிப்பெடுக்க நிறுத்தியதாகவும் இருக்கலாம், ஒலி கேட்காததாகவும் இருக்கலாம். எண், எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டும். ஏன் என்பதை ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

பதிவு 9: ஏட்டுச்சுரைக்காய்

கேட்பதென்றால் போனவர்களிடம் கேளுங்கள். மின்னஞ்சலில் படிவம் அனுப்பாதீர்கள், பாதியில் விட்டவன் திறக்கவே மாட்டான். தொலைபேசியில் கூப்பிடுங்கள். ஆசிரியர் கூப்பிட்டால் வேலைப்பளு, உடல்நிலை என்று எதையாவது சொல்லிச் சமாளிப்போம். ஆகவே ஆசிரியர் அல்லாத ஒருவர், முடிந்தால் அதே பாடத்தை முடித்த மாணவர் ஒருவர், பேசினால் நல்லது. "ஏன் விட்டீர்கள்" என்று கேட்டால் குற்றவிசாரணை போல இருக்கும். "கடைசியாகத் தளத்தைத் திறந்த அன்று என்ன செய்துகொண்டிருந்தீர்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள்.

பதிவு 10: கரும்பலகை

அந்தக் கடைசிக் கேள்வி நன்றாக இருக்கிறது, தம்பி. என் மறுப்பை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959 இலேயே பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னார்: பயின்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் கடைப்பிடிக்கிறாரா, அதனால் விளைவு உண்டா. இந்த இழையில் இதுவரை பேசியவை முதல் இரண்டு படிகளே. கடையில் வேலை பார்ப்பவர்களுக்காகப் பாடம் நடத்துகிறீர்கள். பாடம் முடித்து மூன்று மாதம் கழித்து ஒருவராவது தம் கடையின் பேரேட்டைத் தாமே எழுதுகிறாரா என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா?

பதிவு 11: பேரேடு (ஐந்து வாரங்களுக்குப் பின்)

இடையில் எழுத முடியாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் அணியில் படித்து முடித்த மாணவி ஒருவரைக் கொண்டு, மூன்றாம் வாரத்தோடு நின்றுபோன 24 பேரையும் தொலைபேசியில் அழைக்கச் செய்தோம். 11 பேர் பேசினார்கள். இரண்டு பேருக்கு வேலை நேரம் மாறிவிட்டது, ஒருவருக்குக் கைபேசி உடைந்துவிட்டது, இரண்டு பேர் பற்று வரவில் குழம்பி இது நமக்கு வராது என்று விட்டுவிட்டார்கள். மீதி ஆறு பேரும் சொன்ன காரணம் எங்கள் கற்பனையிலேயே இல்லாதது. குறிப்பேட்டுப் (ஜர்னல்) பதிவுகளைத் தாளில் எழுதி, பி.டி.எஃப். கோப்பாக மாற்றி, 2 எம்.பி.க்குள் ஏற்ற வேண்டும் என்று வைத்திருந்தோம். கைபேசியில் எடுத்த படம் அதைத் தாண்டிவிடும். தளம் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். ஒருவர் அந்த ஒப்படைப்பை முழுவதுமாக எழுதி வைத்திருக்கிறார்; நான்கு இரவுகள் முயன்றுவிட்டு, மூடிவைத்துவிட்டார். அந்தத் தாளை அவர் இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 15 பதிவுகளில் 14 சரி.

அந்தத் தாளைத் துறைக் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினேன். 4.6க்கு அடுத்த பக்கத்தில் அதையும் கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் அணிக்குச் செய்திருப்பவை இவை. படமாகவே ஒப்படைப்பை அனுப்பலாம், அளவு வரம்பை 20 எம்.பி.யாக உயர்த்தினோம். முதல் வாரத்திலேயே மதிப்பெண் இல்லாத வெள்ளோட்ட ஒப்படைப்பு ஒன்று வைத்து, ஏற்றத் தெரியாதவர்களை அப்போதே அழைத்துப் பேசுகிறோம். ஏழாவது கேள்வியில் "வணிகரின் ஏடுகளில்" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தோம். முதல் அணியில் அதைத் தவறவிட்ட அனைவருக்கும் அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தோம். வெட்டிப்போட்ட அந்த இரண்டு நிமிடப் பேச்சு இப்போது ஒன்பது நிமிடக் காணொளியாகியிருக்கிறது. ஒரே பணத்தை வணிகரின் ஏட்டிலும் வங்கியின் ஏட்டிலும் அடுத்தடுத்து எழுதிக் காட்டுகிறேன். ஆறு நிமிடத்தைத் தாண்டியதற்காகச் சல்லடை அவர்கள் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். முடிவுப் படிவம் ஆறு கேள்விகளாகக் குறைந்தது, சான்றிதழுக்கும் அதற்கும் இனித் தொடர்பில்லை. கரும்பலகை ஐயா கேட்டதற்கு இன்னும் விடையில்லை. முதல் அணியில் நவதானியக் கடை வைத்திருக்கும் ஒருவர், வந்து பாருங்கள் என்று அழைத்திருக்கிறார், அடுத்த மாதம் போகிறேன்.

வெள்ளிக்கிழமைக் கேள்வியையும் தொடங்கிவிட்டேன். மூன்றாம் வாரத்தில் 41 பேர் எழுதினார்கள். 17 பேருக்குக் கலங்கலாக இருந்தது, நான் பெருமையோடு சேர்த்த அந்த ஒன்பது நிமிடக் காணொளிதான். வங்கியின் ஏட்டை இவ்வளவு சீக்கிரம் காட்டியதால், இருந்த தெளிவும் போய்விட்டது என்கிறார்கள். எட்டுப் பேரோ, அதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது என்கிறார்கள். இதை ஆறாம் வாரத்துக்குத் தள்ளுவதா, இங்கேயே வைத்துவிட்டு விருப்பமுள்ளவர்கள் பார்க்கட்டும் என்று விடுவதா என்று முடிவு செய்ய முடியவில்லை.

பின்குறிப்பு: மாலைநேரப் பயிற்றுநர் எழுதியதைப் படித்தபோது சிரித்துக்கொண்டேன். இந்த இழையில் என்னை இருவர் "ஐயா" என்றார்கள். நான் ஐயா அல்ல, அம்மா. என் குரலைப் பற்றியும் முதல் அணியில் இருவர் எழுதியிருக்கிறார்கள்.

பதிவு 12: வடமராட்சி

அம்மா, அந்த 17 பேரும் மூன்றாம் வார வினாடிவினாவின் ஏழாவது கேள்விக்கு என்ன விடை எழுதினார்கள் என்று பாருங்கள். கலங்கல் என்று சொல்லிவிட்டுச் சரியாக எழுதியிருந்தால் காணொளி அங்கேயே இருக்கட்டும். பிழையாக எழுதியிருந்தால் ஆறாம் கிழமைக்குத் தள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் திங்கட்கிழமை அறிவித்தலில் இரண்டு எண்ணிக்கையையும் அவர்களுக்கு எழுதிவிடுங்கள்.

பதிவு 13: பேரேடு

பார்த்தேன். 17 பேரில் 12 பேர் சரி, 5 பேர் பிழை. காணொளி இருக்கிறது, அந்த ஐவரையும் இன்று மாலை தனியாக அழைக்கிறேன்.